கோச்சிடம் கேளுங்கள்: நூறு கிலோ பையனும் அமெரிக்கக் கல்லூரியும்

சென்ற இதழில் ஜோர்டன் மைலாட்டாவைப் பற்றி எழுதியிருந்தேன். சிட்னியில் ரக்பி லீக் ஆடிக்கொண்டிருந்த பையன். ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை. 2018-ல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரை ஏழாவது சுற்றில் எடுத்தது. பிறகு அதே அணியின் லெஃப்ட் டேக்கிள் ஆனார். அதைப் படித்துவிட்டு, ரக்பியில் ப்ராப் (ஸ்க்ரம் என்ற தள்ளுமுள்ளில் முன்வரிசையில் நின்று தள்ளுகிறவன்) ஆடும் பையன்கள் இருக்கும் நம் தென்னாப்பிரிக்க வீடுகளிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரியில் லைன் ஆட்டக்காரர்களுக்குத் துணைப் பயிற்சியாளராக இருந்தவன் என்பதால் ஆசிரியர் அவற்றை என்னிடம் கொடுத்துவிட்டார். கீழே ஃபுட்பால் என்று நான் எழுதுவதெல்லாம் அமெரிக்கன் ஃபுட்பால்தான், நம் சாக்கர் அல்ல. லைன் என்பது முன்வரிசையில் நின்று எதிரியை மறிக்கும் ஐந்து கனமான ஆட்டக்காரர்கள்; டேக்கிள், கார்டு, சென்டர் எல்லாம் அந்த வரிசையின் இடங்கள்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தந்தை: என் மகன் மெட்ரிக் (பள்ளியின் கடைசி வருடம்) படிக்கிறான். டைட்-ஹெட் ப்ராப், 108 கிலோ. ஒரு ஏஜென்ட், அமெரிக்காவில் டிவிஷன் 3 கல்லூரி ஒன்றில் முழு ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கல்லூரிக் கோச்சிடமிருந்து கடிதமும் வந்திருக்கிறது. நம்பலாமா?

ஐயா, பணத்தைக் கொடுக்காதீர்கள். டிவிஷன் 3-ல் ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று கிடையாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு கல்லூரிகளை மூன்று பிரிவாக (டிவிஷன்) வைத்திருக்கிறது; அதன் விதிப்படி மூன்றாம் பிரிவில் விளையாட்டுத் திறமைக்காக ஒரு டாலர்கூடத் தரக் கூடாது. இது தெரியாதவர் ஏஜென்டாக இருக்க முடியாது. தெரிந்தே சொல்கிறார் என்றால் அவரிடம் பேச வேண்டிய அவசியமே இல்லை.

மற்றப் பிரிவுகளின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். டிவிஷன் 2-ல் ஒரு அணிக்கு 36 முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான தொகைதான் வரம்பு. அணியில் நூறு பேர் இருப்பார்கள், எனவே கோச் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தருவார். ஒருவனுக்குக் கால் பங்கு, இன்னொருவனுக்குப் புத்தகச் செலவு மட்டும். என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பின் கல்லூரிகளில் அந்த வரம்பு 24. டிவிஷன் 1-ன் இரண்டாம் அடுக்கான எஃப்.சி.எஸ்.-ல் நெடுங்காலம் 63 ஆக இருந்தது. கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட 2025 நீதிமன்ற ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு இப்போது ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் வரம்பில்லை, ஆட்களில்தான் வரம்பு: ஃபுட்பால் அணிக்கு 105 பேர்.

கோச்சின் கடிதம் பொய்யாக இருக்காது. ஆனால் அந்தக் கடிதம் ஏன் வருகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் சிறிய தனியார் கல்லூரிகள் பல, மாணவர் கட்டணத்தை நம்பித்தான் ஓடுகின்றன. ஃபுட்பால் அணி ஒன்று வைத்தால் நூறு பையன்களுக்கு மேல் சேருவார்கள், நூறு பேரின் கட்டணம் வரும். அதனால் வருடத்துக்கு இத்தனை புதிய பையன்களைக் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகமே கோச்சுக்கு இலக்கு வைக்கும் இடங்கள் உண்டு. உங்கள் மகனை அவர்கள் உண்மையிலேயே விரும்பலாம். ஆனால் கடிதம் வந்ததாலேயே மகன் தேர்வாகிவிட்டான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிவிஷன் 3-லும் பண உதவி உண்டு, ஆனால் அது படிப்புக்கும் குடும்ப நிலைக்கும். வருடத்துக்கு 60,000 டாலருக்கு மேல் கட்டணம் போட்டிருக்கும் தனியார் கல்லூரிகள் ஏராளம். நம் பணத்தில் அது ஒரு மில்லியன் ராண்ட். நல்ல மதிப்பெண் உள்ள பையனுக்கு அதில் பாதியைக்கூடக் கழித்துவிடுவார்கள். மீதிப் பாதி உங்கள் தலையில். வெளிநாட்டு மாணவருக்கு அமெரிக்க அரசின் கல்வி உதவி கிடைக்காது. முதல் வருடச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று வங்கிக் கணக்கோடு காட்டினால்தான் விசாவுக்கான ஐ-20 படிவமே வரும். படிப்புக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அதில் கைச்செலவு நடக்கும், கட்டணம் நடக்காது.

அதனால் கோச்சிடம் நேரடியாகப் பேசுங்கள், ஏஜென்ட் வேண்டாம். ஃபோனில் மூன்று விஷயம் கேளுங்கள். லைன் கோச் முழுநேர ஊழியரா, எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார்? சிறிய கல்லூரிகளில் அந்த வேலையை மேற்படிப்பு மாணவர் ஒருவர் இரண்டு வருடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இப்போது ஆடும் ஐந்து லைன் ஆட்டக்காரர்களும் முதல் வருடம் வந்தபோது என்ன எடை, இன்று என்ன எடை? பதிலைப் புரட்டிப் பார்க்காமல் சொல்கிற கோச் பையன்களை வளர்க்கிறவர். மூன்றாவது, ஃபுட்பால் அணியைத் தொடர்ந்து நடத்தக் கல்லூரியிடம் பணம் இருக்கிறதா? லாரி ஆலன் என்ற மாபெரும் கார்டு, டிவிஷன் 2-ல் சோனோமா ஸ்டேட் கல்லூரியிலிருந்து 1994-ல் டல்லஸ் கவ்பாய்ஸுக்குப் போய், 2013-ல் மாபெரும் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றவர். அவர் போன சில வருடங்களில், 1996 சீசனோடு, அந்தக் கல்லூரி ஃபுட்பாலையே நிறுத்திவிட்டது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு மாணவன்: அங்கிள், நான் ரக்பியில் லூஸ் ஃபார்வர்டு (ஸ்க்ரம்மின் பின்வரிசை), 1.91 மீட்டர், 98 கிலோ. லைனில் ஆட 140 கிலோ வேண்டும் என்கிறார்கள். என்னை யாராவது பார்ப்பார்களா?

தம்பி, சிறிய கல்லூரிக் கோச் தேடிக்கொண்டிருப்பது உன்னைப் போன்றவனைத்தான்.

1.98 மீட்டர் உயரமும் 140 கிலோவும் நல்ல கால் வேகமும் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையன் அலபாமா, ஒஹாயோ ஸ்டேட் போன்ற பெரிய கல்லூரிக்குப் போய்விடுவான். அவனைச் சிறிய கல்லூரி வீடியோவில்தான் பார்க்கும். மிச்சமிருப்பவர்கள் இரண்டு வகை. ஏற்கனவே 140 கிலோ இருந்து மெதுவாக நகர்கிறவன். 100 கிலோ இருந்து நன்றாக நகர்கிறவன். அனுபவமுள்ள கோச் இரண்டாமவனை எடுப்பார். எடையைச் சேர்க்கலாம். பக்கவாட்டில் வேகமாக நகரும் கால்களை இருபது வயதுக்கு மேல் யாருக்கும் செய்து கொடுக்க முடியாது.

கோடி மௌக் என்பவர் வடக்கு டகோட்டாவில் ஹாங்கின்சன் என்ற சின்ன ஊர்ப் பையன். நார்த் டகோட்டா ஸ்டேட்டில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் டைட் எண்டாக (லைனின் ஓரத்தில் நின்று பந்தும் பிடிக்கிறவன்) சேர்ந்தபோது சுமார் 100 கிலோ. டேக்கிளாக மாற்றினார்கள், 130 கிலோவைத் தாண்டினார், 2023-ல் இரண்டாவது சுற்றில் டாம்பா பே எடுத்தது. பென் பார்ட்ச் மினசோட்டாவில் செயின்ட் ஜான்ஸ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் அதே மாதிரி டைட் எண்டாக இருந்து டேக்கிளானவர். 2020-ல் நான்காவது சுற்று. அலி மார்பெட் நியூயார்க் மாநிலத்தில் ஹோபார்ட் கல்லூரி. 2015-ல் 61-வது ஆளாகத் தேர்வானார். டிவிஷன் 3-லிருந்து அவ்வளவு மேலே யாரும் தேர்வானதில்லை. இவர்களை எல்லாப் பெரிய கல்லூரிகளும் பார்த்துவிட்டு விட்டுவிட்டன.

நம் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறோம். ரக்பி ஆட்டக்காரர் பீஸ்ட் மட்டவாரிரா டர்பனுக்கு எட்டாம் நம்பர் (ஸ்க்ரம்மின் கடைசியில் நிற்கும் வேகமான ஆள்) ஆட்டக்காரராக வந்தார். டர்பனின் ஷார்க்ஸ் அணியில் கோச் டிக் முயர்தான் அவரை ப்ராப் ஆக்கினார். 117 டெஸ்ட், 2019 உலகக் கோப்பை. எட்டாம் நம்பரின் கால்கள் ப்ராப்பின் உடம்புக்குக் கீழே இருந்ததுதான் அவருடைய பலம்.

கோச் வீடியோவில் எதைப் பார்ப்பார் என்று கேட்பாய். நீ யாரையோ இடித்துத் தள்ளும் காட்சியை ஒருமுறை பார்ப்பார். அப்புறம் நீ கீழே விழுந்த பிறகு எவ்வளவு சீக்கிரம் எழுகிறாய், திசை மாறும்போது இடுப்பு மேலே எழும்புகிறதா, குதிகால் தரையில் இருக்க முழங்காலை முழுவதும் மடக்கி உட்கார முடிகிறதா என்று பார்ப்பார். கை நீளம் பார்ப்பார். அப்பா, மாமாக்கள் என்ன உயரம் என்று விசாரிப்பார். குண்டு எறிதல், தட்டு எறிதல் செய்திருந்தால் அந்த வீடியோவைத்தான் முதலில் திறப்பார்; சிறிய வட்டத்துக்குள் சுழன்று நிற்கிறவனுக்குச் சமநிலை உண்டு.

எடைக்கு அவசரம் வேண்டாம். வருடத்துக்கு ஆறு முதல் ஒன்பது கிலோ, அதுவும் ஜிம்மில் நீ ஸ்குவாட், பவர் கிளீன் பயிற்சிகளில் தூக்கும் எடை ஏறுகிற வேகத்தோடு சேர்ந்து ஏற வேண்டும். நான்கு வருடத்தில் 130 ஆகிவிடும். முதல் இரண்டு வருடம் நீ ஆட மாட்டாய். மைலாட்டாவும் ஈகிள்ஸில் முதல் இரண்டு சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2020-ல்தான் இறங்கினார். சிறிய கல்லூரியில் பெரிய ஜிம் இருக்காது, விமானப் பயணம் இருக்காது, சில சனிக்கிழமை மதியம் ஸ்டாண்டில் பெற்றோர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அங்கே உனக்குக் கிடைப்பது காலம். அதைப் பொறுமையாகச் செலவழிக்கத் தெரிந்த கோச் இருந்தால் போ.

மெரிபேங்கிலிருந்து ஒரு தாய்: எங்கள் வீட்டில் என் மாமியாருக்கும் கணவருக்கும் சர்க்கரை நோய். மகனை 130 கிலோ ஆக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. மேலும் நாங்கள் புரட்டாசியில் கவுச்சி தொடுவதில்லை. அங்கே போய் அவன் என்ன செய்வான்?

அம்மா, நீங்கள் பயப்படுவது நியாயம். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு அதிகம் என்று நம் வீடுகளில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. லைன் ஆட்டக்காரர்களின் ரத்த அழுத்தம் முதல் சீசனுக்குள்ளேயே ஏறுகிறது என்று அமெரிக்க இதய மருத்துவர்கள் கல்லூரிப் பையன்களிடம் அளந்தே காட்டியிருக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இவர்களிடம் சாதாரணம். அதனால் மகன் போகும் முன்பு ஹெச்பிஏ1சி (சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை), ரத்த அழுத்தம், இடுப்பளவு மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் அவன் வீட்டுக்கு வரும்போது மறுபடி பாருங்கள். இடுப்பு மட்டும் பெருத்து, தூக்கும் எடை ஏறவில்லை என்றால் அந்தக் கல்லூரி அவனை வளர்க்கவில்லை, கொழுக்க வைக்கிறது. அப்போது நீங்கள் குறுக்கே நிற்கலாம், நிற்க வேண்டும்.

உங்கள் குடும்ப வரலாற்றில், என் மகனாக இருந்தால் 115 கிலோவுக்கு மேல் விட மாட்டேன். சிறிய கல்லூரிகளில் அந்த எடையில் கார்டு, சென்டர் ஆடுகிறவர்கள் உண்டு. ஆட்டம் முடிந்த பிறகு எடையை இறக்குவதும் திட்டத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன மார்பெட் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஜெயித்தவர், 28 வயதில் தானே ஓய்வு பெற்று, சில மாதங்களிலேயே எடையைப் பெருமளவு குறைத்துவிட்டார்.

தலை விஷயத்தையும் கேளுங்கள். லைனில் ஆடுகிறவனுக்குச் சின்னச் சின்ன மோதல்கள் கிட்டத்தட்ட ஒவ்வொரு பிளேயிலும் நடக்கின்றன. அவற்றின் கூட்டுதான் மூளைக்குக் கெடுதல். பயிற்சியில் மோதலைக் குறைத்த கல்லூரிகள் இருக்கின்றன. டார்ட்மத்தில் பட்டி டீவன்ஸ் 2010-ல் பயிற்சியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் பிடித்து வீழ்த்துவதையே நிறுத்தினார். செயின்ட் ஜான்ஸில் ஜான் கலியார்டி அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே நிறுத்திவிட்டார், லைன் ஆட்டக்காரர்கள் மோதிப் பழகும் தள்ளு வண்டிகூட வைத்திருக்கவில்லை. கல்லூரி ஃபுட்பாலிலேயே அதிக வெற்றி, 489, அவருடையதுதான். "பயிற்சியில் வாரத்துக்கு எத்தனை நாள் முழு மோதல்?" என்று கேட்டால் நல்ல கோச் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆகஸ்ட் வெயிலில் மைதானத்தின் ஓரத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2018-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜோர்டன் மெக்நேர் என்ற பத்தொன்பது வயது லைன் ஆட்டக்காரர் பயிற்சியில் வெப்பத்தாக்கம் கண்டு இறந்தார். பெரிய, பணக்காரக் கல்லூரியில் நடந்தது அது.

புரட்டாசி, செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவில் முடிகிறது, சரியாக அவர்கள் சீசனின் மத்தியில். அதற்காக விரதத்தை விட வேண்டாம். பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, சோயா, பன்னீர், தயிர், நிலக்கடலை வெண்ணெய் இவற்றை வைத்தே அந்த ஒரு மாதத்தைக் கடத்தலாம், ஆனால் அளவு தெரிந்து சாப்பிட வேண்டும்: அவன் எடையில் கிலோவுக்கு ஒன்றரை கிராம் புரதமாவது. இங்கே இருக்கும்வரை அமாசி (நம் ஊர்ப் புளித்த பால்) ஒரு லிட்டர் தினமும் குடிக்கட்டும். பார்ட்ச் எடை ஏற்றக் குடித்த கலவை பிரபலம்: முட்டை, காட்டேஜ் சீஸ், கிரிட்ஸ், நிலக்கடலை வெண்ணெய், வாழைப்பழம், கேட்டரேட் என்ற விளையாட்டு பானம். கிரிட்ஸ் நம் மீலி மீல் (மக்காச்சோள மாவு) வகைதான். முட்டைக்குப் பதில் பன்னீரைப் போட்டால் புரட்டாசிக்கும் ஆகும். சிறிய கல்லூரி உணவகத்தில் முதல் வாரமே சமையல்காரரிடம் போய்ப் பெயர் சொல்லி அறிமுகமாகச் சொல்லுங்கள். எங்கள் கல்லூரியில் ஒரு பையனுக்காக அந்தச் சமையலறை அம்மாள் தினமும் ஒரு பெரிய பாத்திரம் பயறு வேகவைத்துத் தந்தார்.

டப்பாவில் வரும் பவுடர்கள் எதையும் தெரியாமல் வாங்காதீர்கள். சில பவுடர்களில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருக்கிறது. என்.சி.ஏ.ஏ. சோதனையில் மாட்டினால் ஒரு வருடம் போகும்.

டோங்காட்டிலிருந்து ஒரு ஆசிரியர்: எங்கள் பள்ளியில் ரக்பி பயிற்சி தருகிறேன். இரண்டு மாணவர்கள் இதற்குத் தயாராக விரும்புகிறார்கள். எந்தச் சாதனமும் இல்லை. எதைச் சொல்லித் தரலாம்?

டீச்சர், பின்னால் போகச் சொல்லிக் கொடுங்கள். நம் ப்ராப் முன்னால் தள்ள மட்டுமே பழகியவன். லைன் ஆட்டக்காரன் பாதி நேரம், பந்தை எறியப்போகும் குவார்ட்டர்பேக்கைக் காத்துக்கொண்டு பின்வாங்குகிறான். வெளிக்கால் பின்னால் நகரும், உள்கால் அதைத் தொடரும், கால்கள் ஒன்றையொன்று தாண்டவே கூடாது, இடுப்பு தாழ்ந்து நெஞ்சு நிமிர்ந்திருக்கும். தினமும் பத்து நிமிடம் போதும்.

இன்னொன்று கண்ணாடிப் பயிற்சி. இருவர் எதிரெதிரே, கைகள் முதுகுக்குப் பின்னால். ஒருவன் பக்கவாட்டில் போகும் இடமெல்லாம் மற்றவன் அவனுக்கு நேராகவே இருக்க வேண்டும். தாழ்வாக இருக்கப் பழக்க அங்கே இரும்புக் கூண்டு வைத்திருப்பார்கள். நீங்கள் இரண்டு கம்பத்துக்கு நடுவே மார்பளவில் கயிறு கட்டினால் போதும், தலை தட்டாமல் புறப்பட வேண்டும். ஒரு நீளப் பலகையைத் தரையில் போட்டு, அதன் இருபுறமும் கால் வைத்து முன்னேறச் சொன்னால் கால்கள் ஒட்டாமல் பழகும்.

மனத்தில் மாற வேண்டியதும் ஒன்று உண்டு. பந்து வைத்திருப்பவனுக்கு முன்னால் போய் எதிரியை மறிப்பது ரக்பியில் குற்றம். இங்கே அதுதான் வேலை. நம் பையன்கள் கடைசி நொடியில் ஒதுங்கிவிடுவார்கள், பழக்கம் அப்படி. அதைப் போக்க நேரமாகும். கைகள் எதிரியின் நெஞ்சுக்குள், தலை ஒருபோதும் முதலில் இல்லை. ஸ்க்ரம்மில் கிடைத்த கழுத்தும் இடுப்பும் அப்படியே உதவும்.

லெனேசியாவிலிருந்து ஒரு வாசகர்: பையன் நன்றாக ஆடினால் பெரிய கல்லூரி தூக்கிக்கொண்டு போய்விடுமாமே?

ஆமாம். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2024 முதல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வைக்க மாட்டார்கள். மூன்று வருடம் சோறு போட்டு, கால் வைக்கச் சொல்லித் தந்த பையன் ஜனவரியில் கிளம்பிவிடுவான். பையன்மேல் எனக்குக் குறையில்லை. பணம் வருகிறது, குடும்பம் இருக்கிறது. எனக்கு வருத்தம் வேறு. வளர்த்தால் போய்விடுவான் என்று சிறிய கல்லூரிகளே இப்போது 100 கிலோ பையனை எடுக்கத் தயங்குகின்றன. மேலே ஆட இடம் கிடைக்காமல் இறங்கி வரும் 22 வயதுக்காரனை எடுக்கின்றன. இப்படியே போனால் அடுத்த மௌக்கை யார் எடுப்பார்கள்? இருந்தாலும் வழி உண்டு. அதே நார்த் டகோட்டா ஸ்டேட்டில் கடைசிவரை இருந்த கிரே ஸேபல் 2025-ல் முதல் சுற்றிலேயே, 18-வது ஆளாக சியாட்டில் போனார். இருந்தாலும் வழி உண்டு.

நம் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் விளம்பரப் பணம் வாங்குவது விசாவுக்கே ஆபத்து. அமெரிக்கப் பையன்கள் வாங்குகிறார்கள் என்று நீங்களும் கையெழுத்துப் போடாதீர்கள்.

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு மாணவன்: தென்னாப்பிரிக்காவிலிருந்து யாராவது இப்படிப் போயிருக்கிறார்களா? நான் எப்படித் தொடங்குவது?

கேரி ஆண்டர்சன் டர்பனில் வளர்ந்தவர், ஆனால் அவர் கிக்கர், பந்தை உதைக்க மட்டும் இறங்குகிறவர். லைனில் என்றால் பிரிட்டோரியாவின் ஹெர்ஹார்ட் டி பீர். தட்டு எறியத்தான் அரிசோனா பல்கலைக்கழகம் போனார், அங்கே டேக்கிள் ஆகி 2018-ல் பஃபலோ பில்ஸில் ஒப்பந்தம் பெற்றார்.

நீ பதினோராம் வகுப்பிலேயே தொடங்கு. டிவிஷன் 1, 2 என்றால் என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். அங்கே 16 பாடங்களைக் கணக்கெடுப்பார்கள், டிவிஷன் 1-க்குச் சராசரி, அவர்களின் 4 புள்ளி அளவில், 2.3, டிவிஷன் 2-க்கு 2.2. டிவிஷன் 3-ல் கல்லூரி தானே முடிவு செய்யும். நமக்கு மெட்ரிக் டிசம்பரில் முடிகிறது, அவர்களுக்கு வகுப்பு ஆகஸ்டில். நடுவில் கிடைக்கும் எட்டு மாதம் ஜிம்முக்கு.

வீடியோவை ஹடல் தளத்தில் ஏற்று. பாட்டு வேண்டாம், மெதுவோட்டம் வேண்டாம். முதல் ஆறு காட்சியில் நீ யார் என்று தெரிய வேண்டும், அதற்கு மேல் பலர் பார்க்க மாட்டார்கள். பிறகு வெட்டாத ஒரு முழு ஆட்டம். அதன் பின்னால் வெறுங்காலில் ஸ்குவாட், பக்கவாட்டு நகர்வு, மேலே டோங்காட் டீச்சருக்குச் சொன்ன பின்வாங்கும் அடி. உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து எழுது; ஒரு சென்டிமீட்டர் கூட்டி எழுதினாலும் நேரில் பார்க்கும் நாளில் தெரிந்துவிடும். கல்லூரி இணையதளத்தில் லைன் கோச்சின் மின்னஞ்சல் இருக்கும், தலைமைக் கோச்சுக்கு அல்ல, அவருக்கே எழுது. முதல் பத்தியில் பாடங்களும் மதிப்பெண்ணும், இரண்டாவதில் அளவுகளும் வீடியோ இணைப்பும், மூன்றாவதில் வருடத்துக்கு உன் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்ற தொகை. அந்தத் தொகையை எழுத வெட்கப்படாதே. அதை முதலிலேயே சொன்னால், முடியாத கல்லூரி ஒரு வாரத்தில் முடியாது என்று சொல்லிவிடும், நீ அடுத்த கல்லூரிக்கு எழுதலாம்.